சாய்ந்திருந்த சக்கரங்களை நிமிர்த்தியது பற்றிச் சம்பந்திக்கு

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நான், என் மனைவி, மகள் மூவரும் சௌக்கியம். அங்கே தாங்கள் சௌக்கியமா என்று பொதுவாகக் கேட்டுவிட்டு மேலே போக எனக்கு மனசு வரவில்லை. தங்களை அந்தக் கதிக்கு ஆளாக்கியவனே நான்தான் என்பதால் உறுப்பு உறுப்பாக விசாரிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். இடுப்பு எப்படி இருக்கிறது? கழுத்து இரண்டு பக்கமும் திரும்புகிறதா? சம்பந்தியம்மாவுக்கு உச்சந்தலையில் வந்த வீக்கம் வடிந்துவிட்டதா? அவர்களுடைய மூக்குக் கண்ணாடியின் ஒரு கால் பின்சீட்டுக்கு அடியில் அகப்பட்டது. துடைத்து, பஞ்சு சுற்றி, பீரோவில் வைத்திருக்கிறேன். தாங்கள் அச்சகம் நடத்துகிறவர், ஓர் ஒற்று விட்டுப்போனாலும் தங்கள் கண்ணில் குத்தும். நானோ கட்டிட மேற்பார்வையாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். சிமென்ட் வந்தது, ஜல்லி வரவில்லை என்பதற்கு மேல் எதையும் நீளமாக எழுதிப் பழக்கமில்லை. பிழைகளைப் பொறுத்துக் கடைசி வரை படித்துவிட்டு, அதற்குப் பிறகு என்ன தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போன் என்றால் தாங்கள் பாதியில் வைத்துவிடலாம். கடிதத்தைத் தூக்கி எறிந்தாலும் அது எறிந்த இடத்திலேயே கிடக்கும், கோபம் ஆறியதும் எடுத்துப் படிக்கலாம் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

விஷயம் தங்கள் மகனுடைய, அதாவது எங்கள் மாப்பிள்ளையாகப் போகிறவருடைய, காரைப் பற்றியது. பல் மருத்துவத்தில் ஏதோ மேல்பயிற்சி என்று அவர் வெளியூர் கிளம்பியபோது, "மாமா, உங்க ஷெட்டுல என் வண்டி நிக்கட்டும். அப்பப்போ ஸ்டார்ட் பண்ணி மட்டும் விடுங்க, போதும்" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். 'மட்டும்' என்று ஒரு வார்த்தை சொன்னார் என்பதை நான் மறைக்கவில்லை. முதல் நாள் அப்படியே செய்தேன். சாவியைத் திருகினேன், ஷெட் தகரமெல்லாம் அதிர்ந்தது, எதிர்வீட்டுக் குழந்தை தூக்கத்திலிருந்து எழுந்து அழுதது, நிறுத்தினேன். அதோடு உள்ளே போயிருந்தால் இன்றைக்குத் தங்கள் இடுப்புக்கு ஒரு குறையும் வந்திருக்காது. ஆனால் போகிற போக்கில் வண்டிக்கு முன்னால் நின்று ஒரு தடவை பார்த்துவிட்டேன். பார்த்ததுதான் வினை. வேகத்துக்கென்றே செய்த அந்த இரண்டு கதவு வண்டி தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. அதுகூடப் போகட்டும், அதன் முன்சக்கரங்கள் இரண்டும் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து, கீழ்ப்பக்கம் வெளியே தள்ளி, பாரம் தூக்க முடியாதவன் காலை அகட்டிக்கொண்டு நிற்பதுபோல் நின்றன.

சம்பந்தி, என் குணத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். வேலை பார்த்த காலமெல்லாம் தூக்குக்குண்டும் ரசமட்டமுமாக வாழ்ந்தவன் நான். நூல் பிசகின சுவரைப் பார்த்தால் இடித்துக் கட்டச் சொல்லாமல் நகர மாட்டேன். டாக்டரிடம் போனால் அவர் சுவரில் மாட்டியிருக்கும் படத்தை நேராக்கிவிட்டுத்தான் நாக்கை நீட்டுவேன். ஓய்வு பெற்ற பிறகு தெருவில் பாதி வீட்டு கேட்டுகளை நான்தான் நிமிர்த்திக் கொடுத்தேன், மீதிப் பாதி பேர் என்னைக் கண்டால் கேட்டைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறார்கள். அப்படிப்பட்டவனின் ஷெட்டில் ஒரு கார் காலை அகட்டிக்கொண்டு நின்றால் அவன் என்ன செய்வான்? தூக்குக்குண்டை எடுத்து வந்து சக்கரத்தின் பக்கத்தில் தொங்கவிட்டேன். விரல் நுழையும் அளவுக்குச் சாய்வு. என் மனைவி சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "என்னங்க, அது நம்ம வீட்டுச் சுவரு இல்ல. மாப்பிள்ளை வண்டி. தொடாதீங்க" என்றாள். "தொடல. பார்க்கறேன்" என்றேன். "நீங்க பார்த்தாலே அது தொட்ட மாதிரிதான்" என்றாள். அவள் அன்று அவ்வளவு அழுத்திச் சொன்னதற்கு வேறு ஒரு காரணம் இருந்தது எனக்குத் தெரியாது. மகளாவது வீட்டில் இருந்திருந்தால் தடுத்திருப்பாள். அவள் லிஃப்ட் கம்பெனியில் வேலை பார்ப்பவள் என்பது தங்களுக்குத் தெரியும். அந்தச் சமயம் பார்த்து ஓர் ஆஸ்பத்திரிக்கு லிஃப்ட் பொருத்தப் பக்கத்து ஊருக்குப் போய்விட்டாள்.

எங்கள் வீட்டுக்குப் பின்தெருவில் வீல் அலைன்மென்ட் பட்டறை ஒன்று இருக்கிறது. நடத்துகிறவரை எல்லோரும் 'சக்கரவர்த்தி' என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் பாதி கேலி, பாதி நிஜம். மீசையைத் தடவிக்கொண்டு, நாற்காலியை விட்டு எழாமலே கையை மட்டும் நீட்டி வேலை வாங்குவார். வண்டியை மேடையில் ஏற்றி, நாலு சக்கரத்திலும் தட்டு தட்டாக ஏதோ மாட்டி, கம்ப்யூட்டரைத் தட்டினார். திரையில் வண்டியின் படம் வந்தது. சக்கரத்துக்குச் சக்கரம் ஒரு எண். எல்லா எண்ணும் சிவப்பு. சிவப்பு என்றால் கோணல், பச்சை என்றால் நேர் என்று திரையிலேயே போட்டிருந்தது. சக்கரவர்த்தி திரையைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சார், இது கெட்டுப்போய்ச் சாயல. யாரோ வேணும்னே சாய்ச்சு வெச்சிருக்காங்க."

"வேணும்னே எவனாவது சாய்ச்சு வெப்பானா?"

"வெப்பாங்க சார். ரேஸுக்குப் போற வண்டியெல்லாம் இப்படித்தான்."

"இது பல் டாக்டர் வண்டிங்க. இது எந்த ரேஸுக்குப் போகுது?"

"டாக்டரையே ஒரு வார்த்தை கேட்டுட்டா நல்லது."

"அவர் படிக்கப் போயிருக்கார், தொந்தரவு பண்ணக் கூடாது. பச்சை வருமா வராதா?"

"வரும் சார். நான் கை வெச்சு எது வராம இருந்திருக்கு?"

இந்தக் கடைசி வார்த்தையை மட்டும் நான் கேட்காமல் இருந்திருந்தால் திரும்பி வந்திருப்பேன். அந்த ஆளுக்கும் தன் கை மேல் கர்வம், எனக்கும் பச்சை மேல் ஆசை, இரண்டும் சேர்ந்துகொண்டன. "அப்படியே கொஞ்சம் உயரமும் ஏத்திடுங்க, குனிஞ்சு உட்காரவே முடியல" என்றேன். "இது திருகுற ஸ்பிரிங் சார், மரையை இந்தப் பக்கம் திருகினா ஏறும், அந்தப் பக்கம் திருகினா இறங்கும்" என்றார். "அப்போ ஏறுற பக்கமாவே திருகுங்க" என்றேன். முடிகிற மட்டும் ஏற்றினார். பிறகு ஒவ்வொரு சக்கரமாகத் திருகத் திருகத் திரையில் ஒவ்வொரு எண்ணாகப் பச்சைக்கு மாறியது. கடைசி எண் மாறியபோது நான் கை தட்டினேன் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. வண்டி இறங்கி நின்ற அழகைப் பார்க்க வேண்டுமே! நாலு காலும் நேராக, குளித்துத் தலை வாரிப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பின பிள்ளை மாதிரி நின்றது.

அதோடு விட்டேனா? வீட்டுக்கு வந்து, இவ்வளவு செய்தோமே, மற்றதெல்லாம் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்ப்போம் என்று முன்மூடியைத் திறந்தேன். இரண்டு பக்கமும் ஷாக் அப்சார்பரின் தலையில் குமிழ் குமிழாக ஒன்று இருந்தது. தொட்டால் 'டிக்' என்று சுற்றியது. பின்னால் டிக்கிக்குள் பார்த்தால் அங்கேயும் இரண்டு. நாலும் தளர்ந்து கிடக்கிறதே, இப்படியே விட்டால் ஓட்டத்தில் கழன்று விழாதா என்று நினைத்து, நாலையும் டிக் டிக் என்று சுற்றி, இதற்கு மேல் சுற்றாது என்கிற வரைக்கும் இறுக்கினேன். அது தளர்ந்திருந்த திருகு இல்லை, வண்டி மேடு பள்ளத்தில் மெத்தென்று போக வேண்டுமா, கல் மாதிரிப் போக வேண்டுமா என்று வைத்துக்கொள்வதற்கான குமிழ் என்பதை நான் பிற்பாடு தெரிந்துகொண்டேன். தாங்கள் எனக்கு முன்னாலேயே, உடம்பால், தெரிந்துகொண்டீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் கல்யாண மண்டபத்தைப் பார்க்கத் தாங்களும் சம்பந்தியம்மாவும் பஸ்ஸில் வந்து இறங்கியது. "ஆட்டோவுல போயிடலாமே சம்பந்தி" என்று தாங்கள் சொன்னீர்கள். அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. தங்கள் பிள்ளையின் வண்டியை எவ்வளவு பாங்காக வைத்திருக்கிறேன் என்று தாங்கள் பார்க்க வேண்டும், பார்த்து மெச்ச வேண்டும் என்று ஓர் ஆசை. என் மனைவி தலைவலி என்று சொல்லி வீட்டிலேயே இருந்துகொண்டாள். இப்போது யோசித்தால் அந்தத் தலைவலியில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. சம்பந்தியம்மாவைப் பின்சீட்டுக்குள் அனுப்பவே நாம் இரண்டு பேரும் படாத பாடு பட்டோம், தாங்கள் முன்னால் உட்கார்ந்தீர்கள், நான் கிளப்பினேன். தெருமுனை தாண்டுவதற்குள் தங்கள் முகம் மாறிவிட்டது. தார் ரோட்டில் இருக்கிற ஒவ்வொரு ஜல்லியையும் அந்த வண்டி தனித்தனியாக எண்ணிக்கொண்டு போனது. முதல் வேகத்தடையில் சம்பந்தியம்மா கூரையை முட்டினார்கள். "ஐயோ" என்றார்கள். "கொஞ்சம் ஸ்டிஃப்பா இருக்கு, போகப் போகச் சரியாயிடும்" என்றேன். இரண்டாவது வேகத்தடையில் மறுபடியும் முட்டினார்கள், இந்தத் தடவை "ஐயோ" கூட வரவில்லை. தாங்கள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தீர்கள். வார்த்தை துண்டு துண்டாக உதிர்ந்ததே தவிர ஒன்றும் புரியவில்லை. மண்டபம் நன்றாக இருக்கும் என்று சொல்கிறீர்களாக்கும் என்று எண்ணி நான் தலையாட்டினேன்.

அப்புறம் அந்த ரவுண்டானா. அதைப் பற்றி நான் எழுதத்தான் வேண்டும். வேகம் கொஞ்சம் கூடிவிட்டது, ஒப்புக்கொள்கிறேன், காலை லேசாக வைத்தாலே அந்த வண்டி பாய்கிறது. நான் ஸ்டியரிங்கை ஒழுங்காகத் திருப்பினேன். சக்கரமும் திரும்பியது. வண்டி திரும்பவில்லை. நான் ஒரு பக்கம் போகச் சொல்ல, அது நேராகப் போவேன் என்று அடம் பிடித்து, ஓரக்கல்லில் ஏறி, அந்த மெத்தைக் கடை வாசலில் வரிசையாகப் போட்டிருந்த மெத்தைகளுக்கு ஒரு சாண் முன்னால் வந்து நின்றது. கடவுள் புண்ணியத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தாங்கள் கதவைத் திறந்து இறங்கி, நாலு எட்டு வைத்து, கைக்கு எட்டின முதல் மெத்தையில் மல்லாந்து படுத்துவிட்டீர்கள். கடைக்காரர் ஓடி வந்து, "எடுத்தவுடனே நல்ல சரக்காப் பார்த்துப் படுத்திருக்கீங்க சார், இடுப்பு வலிக்குன்னே செஞ்சது" என்று ஆரம்பித்தது எனக்கே பிடிக்கவில்லை. எத்தனையோ கெஞ்சினேன், தாங்கள் எழுந்திருக்கவில்லை. கடைசியில் சம்பந்தியம்மாதான் உடைந்த கண்ணாடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "எந்திரிங்க, நாலு பேர் பார்க்கறாங்க" என்று அதட்டினார்கள். எழுந்து, மண்டபத்தைக்கூடப் பார்க்காமல் பஸ் ஏறினீர்கள். ஏறும்போது என்னைப் பார்த்து, "கல்யாணத்தைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்" என்று அந்த ஒரு வாக்கியம் மட்டும் சொன்னீர்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் மகள் ஊரிலிருந்து வந்தாள். பையைக்கூட இறக்காமல் நேராக ஷெட்டுக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். வண்டியைப் பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா. இதை யாரு தொட்டது?"

"சக்கரம் கோணிப்போய் இருந்துச்சும்மா. நேராக்கினேன்."

"உயரம்?"

"அதுவும் நான்தான்."

அவள் எழுந்து முன்மூடியைத் திறந்து குமிழைத் தொட்டாள். ஒரு பக்கம்கூட அசையவில்லை. "இதுவுமா?" என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "மாப்பிள்ளை கோவிச்சுக்குவாரா?" என்று கேட்டேன். "அவர் எதுக்குக் கோவிச்சுக்கணும்? இது என் செட்டிங்ப்பா. எல்லாத்தையும் நான்தான் செஞ்சேன்" என்றாள்.

சம்பந்தி, இனி எழுதப் போவதை உட்கார்ந்துகொண்டு படியுங்கள், இடுப்பு இடம் கொடுக்காவிட்டால் படுத்துக்கொண்டு படியுங்கள். என் மகள் கார்ப் பந்தயம் ஓட்டுகிறாள். சனி, ஞாயிறு ஓவர்டைம் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனதெல்லாம் அதற்குத்தான். தங்கள் மகன் ஆஸ்பத்திரி லிஃப்டில் மாட்டிக்கொண்டபோது கதவைத் திறந்து காப்பாற்றியவள் அவள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு வாசலில் அவர் வண்டியை நகர்த்தியதைப் பார்த்து, "இவ்வளவு நல்ல வண்டியை வெச்சுக்கிட்டு இவ்வளவு மெதுவா ஓட்டறீங்களே" என்று அவள் கேட்டதும், அவர் சாவியை நீட்டியதும்தான் நமக்குத் தெரியாத பாதி. மாப்பிள்ளைக்கு வேகம் என்றால் உயிர், ஆனால் பாய்கிற வண்டிக்குள் உட்கார்ந்தால் குமட்டும். அதனால் அவர் வெளியே நின்று டயருக்குக் காற்றுப் பார்ப்பார், இவள் ஓட்டுவாள். இரண்டு பேரும் சேர்ந்து சம்பளத்தை மிச்சம் பிடித்துத்தான் அந்த ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் வாங்கிப் போட்டிருக்கிறார்கள். இதெல்லாம் என் மனைவிக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். "நீங்க பதறுவீங்கன்னுதான் சொல்லல" என்றாள். "கல்யாணம் முடியற வரைக்கும் சம்பந்தி வீட்டுக்கும் சொல்ல வேணாம், அப்புறம் மெதுவாச் சொல்லிக்கலாம்" என்றும் சொன்னாள். அதற்கு நான் சம்மதிக்கவில்லை. விரிசலைப் பூச்சால் மறைத்து ஒரு வீட்டைக்கூட நான் ஒப்படைத்ததில்லை. இது விரிசலும் இல்லை, என் மகளின் திறமை. ஆனாலும் தாங்கள் வேறு யார் வாய் வழியாகவோ கேட்பதைவிட என் கைப்பட எழுதி அறிவதுதான் முறை.

எனக்குக் கோபம் வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. பொய் சொல்லிவிட்டுப் போனாளே என்று வந்தது. "பின்ன எதுக்குச் சக்கரத்தைக் கோணலா வெச்சே?" என்று அதையும் சேர்த்துக் கத்தினேன். அவள் நிதானமாக, "நிக்கும்போது கோணல்ப்பா. வளைவுல வேகமாத் திரும்பும்போது வண்டி வெளிப்பக்கம் சாயும். அப்போ இந்தச் சக்கரம் நிமிர்ந்து ரோட்டுல முழுசா உட்காரும். நிக்கும்போது நேரா இருந்தா, திரும்பும்போது ஓரத்துல மட்டும்தான் தொடும். பிடிப்பு இருக்காது, நேராப் போயிடும்" என்றாள். எனக்கு மெத்தைக் கடை ஞாபகம் வந்தது. இருந்தாலும் விட்டுக்கொடுக்காமல் நின்றேன். அவள், "நீங்க மண்ணைத் தாங்குற சுவரு கட்டுவீங்களே, அதை நேராவா கட்டுவீங்க? மண்ணுப் பக்கமாச் சாய்ச்சுத்தானே கட்டுவீங்க?" என்றாள். மலைச்சரிவில் வேலை பார்த்தபோது நானே எத்தனை மேஸ்திரிகளை, சுவரை நேராக எழுப்பிவிட்டார்கள் என்று இடிக்கச் சொல்லியிருக்கிறேன்! சுமை எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று பார்த்துச் சாய்க்கிறாள், அவ்வளவுதானே? சின்ன வயசில் என்னோடு கட்டிட வேலை நடக்கும் இடத்துக்கு வருவாள், மணலில் விளையாடுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பார்த்துக்கொண்டும் இருந்திருக்கிறாள்.

பந்தயம் அடுத்த ஞாயிறு. "சக்கரவர்த்திகிட்டயே கொண்டுபோய் மாத்திடலாமா?" என்றேன். "வேணாம். அவர் மெஷின் பச்சைக்குத்தான் போகும், எனக்கு வேண்டியது சிவப்புல இருக்கு. நாமே செய்யலாம், நூல் கட்டத் தெரியுமில்ல?" என்றாள். நூல் கட்டத் தெரியுமா என்று என்னைப் பார்த்துக் கேட்கிறாள்! தினமும் அவள் வேலை விட்டு வந்ததும் இரண்டு பேரும் ஷெட்டில்தான். முதலில் அவள் நாலு ஸ்பிரிங்கையும் பழைய உயரத்துக்கு இறக்கி, நாலு குமிழையும் பழையபடி தளர்த்தினாள். பிறகு வண்டியின் இரண்டு பக்கமும் ஸ்டாண்டு வைத்து, முன்னிருந்து பின்வரை நைலான் நூலை இழுத்து, இரண்டு நூலும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கும்படி நான் கட்டிக்கொடுத்தேன். நூலிலிருந்து சக்கர விளிம்புக்கு முன்பக்கம் எவ்வளவு, பின்பக்கம் எவ்வளவு என்று நான் அளந்து சொல்ல, அவள் கீழே படுத்து ஸ்பேனரால் திருகினாள். சாய்வுக்குத் தூக்குக்குண்டு. ஆனால் ஓட்டுகிறவளின் எடை சீட்டில் இருந்தால்தான் அளவு சரியாக வருமாம். அவளே கீழே படுத்திருக்க, எடைக்கு எங்கே போவது? "அம்மா கிட்டத்தட்ட என் எடைதான்" என்றாள். "நான் என்ன சிமென்ட் மூட்டையா?" என்று என் மனைவி முறைத்தாள். முறைத்தாலும் வந்து ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். உட்கார்ந்தவள் சும்மா இருக்க வேண்டுமே! செய்தித்தாளைப் பிரித்து உரக்கப் படிக்கிறாள், பக்கத்தைத் திருப்பும்போது முழங்கை ஹாரனில் படுகிறது, நான் குனிந்து அளந்துகொண்டிருந்தவன் அலறிப் பின்னால் விழுந்து, கட்டின நூலெல்லாம் காலில் சுற்றி, மறுபடியும் முதலிலிருந்து. "அசையாம உட்காரு" என்றேன். "எடைதானே வேணும்? எடை பேசக் கூடாதுன்னு சட்டமா?" என்றாள். இந்த வீட்டில் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகிவிட்டது, சம்பந்தி.

பந்தயம் நடந்தது ஒரு பழைய விமான ஓடுதளத்தில். மோதிக்கொண்டு ஓடுகிற பந்தயம் இல்லை, பயப்படாதீர்கள். கூம்பு கூம்பாக வைத்திருக்கிறார்கள், ஒவ்வொரு வண்டியாக அவற்றுக்கு நடுவில் வளைந்து வளைந்து ஓடிக் கடிகாரத்தோடு போட்டி போட வேண்டும். பயிற்சி முடிந்து மாப்பிள்ளை நேராக அங்கேயே வந்துவிட்டார். என்னைக் கண்டதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. "மாமா, நீங்க எப்படி..." என்று கையிலிருந்த, டயருக்குக் காற்றுப் பார்க்கிற மீட்டரை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். "நூல் கட்டினதே நான்தான் மாப்பிள்ளை" என்றேன். முதல் ஓட்டத்தில் ஒரு கூம்பைத் தட்டிவிட்டாள். வந்து நிறுத்தி, "அப்பா, பின்பக்கம் துள்ளுது. டிக்கியைத் திறந்து குமிழை ரெண்டு 'டிக்' தளர்த்துங்க" என்றாள். மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னாள். எதையும் இறுக்கியே பழகின இந்தக் கையால் தளர்த்தினேன். அடுத்த ஓட்டத்தில் அந்த வண்டி வளைவில் போனதைப் பார்த்தேன். வண்டி சாய்கிறது, நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், வெளிப்பக்கச் சக்கரம் நிமிர்ந்து நூல் பிடித்தமாதிரி நேராக நிற்கிறது! "நேரா நிக்குது! நேரா நிக்குது!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்தில் நின்றவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். மூன்றாவதாக வந்தாள். மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டார், தூசு என்றார். அன்று காற்றே இல்லை.

ஆகவே சம்பந்தி, நடந்தது இவ்வளவுதான். வண்டியின் மேல் குற்றமில்லை, தங்கள் மகன் மேல் குற்றமில்லை, என் மகள் மேல் நிச்சயமாகக் குற்றமில்லை. தங்கள் இடுப்பில் ஏறின ஒவ்வொரு அடியும் என் கையால் இறுக்கினது. எனக்காகக் கல்யாணத்தை நிறுத்திவிடாதீர்கள். கார் ஓட்டுகிற மருமகள் நம் குடும்பத்துக்கு ஒத்துவருமா என்று தங்களுக்குத் தயக்கம் இருந்தால், ஒரு நாள் வந்து அவள் ஓட்டுவதை மட்டும் பாருங்கள், பிறகு முடிவு செய்யுங்கள். என் பங்குக்கு ஒரு சத்தியம் செய்து தருகிறேன். இனிமேல் அடுத்தவர் வண்டியின் சக்கரத்தை நேராகவும் பார்க்க மாட்டேன், சாய்வாகவும் பார்க்க மாட்டேன், எதிரே வந்தால் வானத்தைப் பார்த்துக்கொண்டு நடப்பேன். சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவருடைய வணக்கத்தையும், தலைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லி என் மனைவி சொன்னதையும் சேர்ப்பிக்கவும். தங்கள் அச்சகமும் இடுப்பும் தடையில்லாமல் ஓட வேண்டும் என்று வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தியாகவே இருந்துவிட ஆசைப்படும்
தங்கள் சம்பந்தி

பி.கு.: இதை உறையில் போட்டு ஒட்டிக்கொண்டிருக்கும்போதே தாங்களும் சம்பந்தியம்மாவும் அச்சகத்து வேனில் வந்து வாசலில் இறங்கிவிட்டீர்கள். மாப்பிள்ளை எல்லாவற்றையும் தங்களிடம் நேற்றே சொல்லிவிட்டாராமே! நான் ஆரம்பிப்பதற்குள், "மருமக எங்க சம்பந்தி? என்னை ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க" என்றீர்கள். "அன்னைக்கு அப்புறம் பேசிக்கலாம்னீங்களே?" என்று கேட்டால், "அன்னைக்கு வாயைத் திறந்தா நாக்கைக் கடிச்சுக்குவேன்னு இருந்துச்சு, வேற எப்பப் பேசறது?" என்றீர்கள். ஆக, மேலே எழுதினது அத்தனையும் வீண். இருந்தாலும் ராத்தூக்கம் கெட்டு எழுதினதைக் கிழிக்க மனசில்லாமல் தங்கள் கண்ணில் படும்படி மேசை மேல் வைக்கிறேன், இந்தப் பி.கு.வை மட்டும் உடனே படியுங்கள், மற்றதை வீட்டுக்குப் போய்ப் படியுங்கள். இப்போது தாங்களும் என் மகளும் மூன்றாவது தடவையாகத் தெருவைச் சுற்றிப் போகிறீர்கள், தாங்கள் 'ஹோ' என்று கத்துவது இங்கே வரை கேட்கிறது, சம்பந்தியம்மாவும் என் மனைவியும் கேட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரையும் திட்டுகிறார்கள். ஒரு சின்ன விஷயம். தாங்கள் வந்த வேனின் இடது முன்சக்கரம் கொஞ்சம், மிகவும் கொஞ்சம், வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. அது பந்தய வண்டி இல்லை என்பதால் என் சத்தியம் அதற்குப் பொருந்தாது என்று நினைக்கிறேன். வேன் சாவியும் இதே மேசை மேல்தான் இருந்தது. திரும்பி வந்து பார்த்துவிட்டு வேனைக் காணோமே என்று பதற வேண்டாம், சக்கரவர்த்தியிடம் பச்சை வந்ததும் கொண்டுவந்து விட்டுவிடுகிறேன்.